அரிசி பாக்கெட் கூடத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை: முழுமையான வழிகாட்டி

திருவையாறு பக்கத்தில் ஒரு சிறிய கூடம் நடத்துகிறோம். மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி போன்ற பாரம்பரிய அரிசியைச் சுத்தம் செய்து ஒரு கிலோ பாக்கெட்டாகப் போடுவது வேலை. ஒன்பது பேர் இருக்கிறோம். அதில் ஏழு பேர் மாற்றுத்திறனாளிகள். இதே போல ஒன்று தொடங்க வேண்டும் என்று கும்பகோணத்திலிருந்தும் மன்னார்குடியிலிருந்தும் ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். வருபவர்களில் பெரும்பாலோர் இடறும் இடம் ஒன்றே. முதல் சந்திப்பிலேயே இயந்திரத்தின் விலைப்பட்டியலை நீட்டுகிறார்கள்.

இயந்திரம் ஐந்தாவது படி. அதற்கு முன் நான்கு படிகள் இருக்கின்றன. அவற்றைத் தாண்டிக் குதித்தவர்களின் கருவிகள் இப்போது மாட்டுக்கொட்டகையில் கிடக்கின்றன. கீழே சொல்வதெல்லாம் அரிசியை வைத்துத்தான். தேங்காய், வாழைநார், நெட்டி வேலை என்று உங்கள் பொருள் மாறினாலும் படிகளின் வரிசை மாறாது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டு, நிறுத்துக் கடிகாரம் உள்ள கைப்பேசி, கெட்டி அட்டை, கத்தரி, ஒட்டுநாடா. தெரிந்த ஆசாரி ஒருவர், லேத் பட்டறைக்காரர் ஒருவர். மூன்று மாதக் கூலிக்கான பணம், தனியாக. இந்தக் கடைசி ஒன்று இல்லையென்றால் தொடங்காதீர்கள். முதல் மூன்று மாதம் வேலை பழகும் காலம். வரவு கூலிக்கு எட்டாது. பாதியில் நிறுத்தினால் வந்தவர்கள் வீட்டுக்குத் திரும்பிப் போவார்கள், அந்த வீடு இரண்டாவது முறை உங்களை நம்பாது.

1. வாங்குபவரை முதலில் பிடியுங்கள்

யார் வேலை செய்யப் போகிறார்கள் என்று சொல்லாமல் விற்றுப் பாருங்கள். இரண்டு கடை, ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், வெளியூர் வாடிக்கையாளர் சிலர் போதும். மாதத்துக்கு எத்தனை பாக்கெட், என்ன விலை, எத்தனை நாளில் பணம் என்பதை எழுதி வாங்குங்கள்.

காரணம் எளிது. இரக்கப்பட்டு வாங்குபவர் ஒருமுறை வாங்குவார். பொங்கலுக்கு ஐம்பது பாக்கெட் எடுத்துப் படமும் எடுத்துக்கொண்டு போனவர், மாசியில் தொலைபேசியை எடுக்க மாட்டார். அரிசியில் கல் இல்லை, எடை குறையவில்லை என்று வாங்குபவர்தான் அடுத்த மாதமும் கேட்பார். எங்கள் லேபிளில் 'மாற்றுத்திறனாளிகள் தயாரித்தது' என்று போடுவதில்லை. போடலாமா என்று எங்கள் ஆட்களிடம்தான் கேட்டோம். கல் பொறுக்கும் அக்கா ஒருவர், "அரிசி நல்லா இல்லேன்னா அதை யார் மேல எழுதுவீங்க?" என்றார். பேச்சு அத்தோடு முடிந்தது.

ஒத்திகையைச் சொந்தக் கட்டடத்தில் செய்யாதீர்கள். இருக்கிற ஆலையிலோ கிடங்கிலோ ஒரு மூலையைக் கேட்டு வாங்கி, அவர்களுடைய அரிசியைக் கூலிக்குப் பாக்கெட் போட்டுக் கொடுங்கள். கையில் முதல் போடாமல் வேலையின் நெளிவு சுளிவு தெரிந்துவிடும். கடன் விஷயத்திலும் இது உதவும். எட்டாவது படியில் சொல்கிறேன்.

2. வேலையைச் சிறு அசைவுகளாக உடையுங்கள்

'பாக்கெட் போடுதல்' என்று ஒரு வேலை கிடையாது. எங்கள் நோட்டில் அது பதினான்கு வரிகள். சாக்கைப் பிரிப்பது, சலிப்பது, தட்டில் பரப்புவது, கல்லும் கறுத்துக் கெட்ட அரிசியும் பொறுக்குவது, குருணை பிரிப்பது, உறையின் வாயைத் திறப்பது, அளப்பது, கொட்டுவது, எடை சரிபார்ப்பது, வாயைத் துடைப்பது, சீல் போடுவது, லேபிள் ஒட்டுவது, எண்ணி அடுக்குவது, கணக்கில் ஏற்றுவது.

ஒவ்வொரு வரிக்கும் எதிரே நான்கு கேள்விகள் எழுதுங்கள். ஒரு கை போதுமா, இரண்டு கை வேண்டுமா? கண் எங்கே கட்டாயம் தேவை? காது எங்கே? தவறினால் ஆளுக்கு ஆபத்தா, பொருளுக்கு மட்டும் நட்டமா? 'கண் தேவை' என்று நாம் நினைத்த இடங்களில் பாதி, வெறும் பழக்கம் என்று அப்போதுதான் தெரியவரும். உறை வாயைத் திறப்பதற்கும் லேபிள் ஒட்டுவதற்கும் எண்ணி அடுக்குவதற்கும் விரல் போதும்.

புதியவர்கள் இங்கே ஒரு குறுக்கு வழி எடுக்கிறார்கள். வேலையை உடைத்ததும் மிகச் சின்னத் துண்டை எடுத்து ஒருவரிடம் நிரந்தரமாகக் கொடுத்துவிடுகிறார்கள். நாள் முழுக்க லேபிள், வருடம் முழுக்க லேபிள். அப்படிச் செய்தால் அவருக்கு வேலை அலுக்கும். அவர் வராத நாளில் யாருக்கும் வித்தியாசமும் தெரியாது. ஒவ்வொருவருக்கும் அடுத்தடுத்த மூன்று வரிகளாவது கொடுங்கள். முதல் வரியில் செய்த பிழையை மூன்றாவது வரியில் அவரே கண்டுபிடிப்பார்.

3. ஆளைப் பார்த்து வேலை கொடுங்கள்

'பார்வையில்லாதவர் என்றால் தொலைபேசி, காது கேளாதவர் என்றால் தையல்' என்று பட்டியல் போட்டுக்கொண்டு ஆள் தேடாதீர்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. ஒரே வகைக்குள் இருக்கும் இரண்டு பேரின் கைகள்கூட ஒன்றுபோல வேலை செய்வதில்லை.

விண்ணப்பம், நேர்காணல் எதுவும் வேண்டாம். மூன்று அரைநாள் கூலியோடு வேலை செய்யச் சொல்லுங்கள். பதினான்கு வரிகளில் பத்தையாவது அவர் தொட்டுப் பார்க்கட்டும். எங்கே தயங்குகிறார், எதை வேறு விதமாகச் செய்கிறார் என்று நோட்டில் குறியுங்கள். போலியோவால் இடது கை மெலிந்த ஒருவர் எங்களிடம் வந்தபோது உறையைப் பல்லால் கடித்துத் திறந்தார். உணவுப் பொருள், அனுமதிக்க முடியாது. ஆனால் அவருக்கு ஒரு பிடிமானம் தேவை என்பதை அந்தப் பல்தான் சொன்னது. எங்கள் முதல் கருவி அங்கிருந்து பிறந்தது.

வீட்டாரோடு பேசுவது தனி வேலை. அம்மா கூடவே வந்து உட்கார்ந்து, மகன் செய்வதில் பாதியைத் தானே செய்துவிடுவார். முதல் இரண்டு நாள் விடுங்கள். மூன்றாம் நாள் அம்மாவை வாசல் திண்ணையில் உட்கார வையுங்கள், அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்புங்கள். இல்லையென்றால் நீங்கள் நோட்டில் குறிப்பது அம்மாவின் வேகம்.

'வேலைக்குப் போனால் மாத உதவித்தொகை நின்றுவிடுமா' என்று எல்லா வீட்டிலும் கேட்பார்கள். நீங்களாக வாக்குக் கொடுக்காதீர்கள். அவர் பெறும் உதவித்தொகையின் பெயரைக் குறிப்பிட்டு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

4. கழிப்பறை, வாசல், வரும் வழி

இதை நான்காவதாக எழுதியிருக்கிறேன். இரண்டாவது மாதத்தில் எங்களுக்கு உறைத்த விஷயம் இது. சக்கர நாற்காலியில் வரும் பெண் ஒருவர் பகல் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் இருந்தார். ஏனென்று கேட்கத் தோன்றவில்லை எங்களுக்கு. கொல்லையில் இருந்த கழிப்பறைக்கு இரண்டு படி. கதவு உள்பக்கமாகத் திறக்கும். சித்திரை வெயிலில் ஒருநாள் மயங்கி விழுந்த பிறகுதான் தெரிந்தது.

ஆகவே ஒருவரையும் வேலைக்கு எடுக்கும் முன் கழிப்பறையை முடியுங்கள். கதவு வழி 90 செ.மீ., உள்ளே நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம், பக்கக் கைப்பிடி, மேல்நாட்டுப் பீடம், வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவு.

சாய்தளத்துக்குக் கணக்கு 1:12. அதாவது ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். வெள்ளத்துக்குப் பயந்து நம் பக்கத்தில் வீட்டுத் தளத்தைத் தூக்கிக் கட்டுகிறோம். ஒன்றரை அடித் தளம் என்றாலே பதினெட்டு அடிச் சாய்தளம் வேண்டும். கொத்தனார் "அவ்வளவு நீளம் எதுக்கு" என்று ஆறடியில் முடிக்கப் பார்ப்பார். அதில் ஏறவும் முடியாது, இறங்கினால் நேரே தெருவில்தான். கூடவே நின்று கட்டுங்கள். மேற்பரப்பில் பளபள ஓடு வேண்டாம், துடைப்பத்தால் கீறிய சிமெண்ட் போதும்.

சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு 2021 முதல் கட்டணமில்லை. ஆனால் அந்தப் பேருந்து மெயின் ரோட்டோடு நின்றுவிடும். அங்கிருந்து வாய்க்கால் கரையில் இரண்டு கிலோமீட்டர் எப்படி வருவது என்பதுதான் கேள்வி. ஆளைத் தேடும்போதே ஒரே பாதையில் இருக்கும் மூன்று நான்கு ஊர்களில் தேடுங்கள். ஒரு ஷேர் ஆட்டோவை மாத வாடகைக்குப் பேசி, அதைக் கூடத்தின் செலவில் எழுதுங்கள். ஆளின் கூலியில் பிடிக்காதீர்கள். நாங்கள் முதல் மாதம் பிடித்தோம்; இரண்டு பேர் நின்றுவிட்டார்கள்.

5. கருவி: அட்டையில் தொடங்கி இரும்பில் முடியுங்கள்

இப்போதுதான் கருவி. முதல் மாதிரியை அட்டையில் செய்யுங்கள். ஒரு வாரம் அது நசுங்கி நைந்து போகும் வரை பயன்படுத்தட்டும். எந்த இடம் நைகிறதோ அந்த இடத்தில்தான் அழுத்தம் விழுகிறது. பிறகு பலகையில் செய்யுங்கள். ஒரு மாதம் ஓடினால் லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். நேரே இரும்பில் செய்தால் இரண்டு விரற்கடை உயரம் தவறினால்கூடத் திருத்த மனம் வராது. ஆள்தான் வளைந்து கொடுப்பார், முதுகுவலியோடு.

_உறை தாங்கி._ மேசையில் நிற்கும் ஒரு சட்டம், நடுவில் புனல், புனலின் வாயைச் சுற்றி உறையைப் பிடிக்கும் இரண்டு கவ்வி. ஒற்றைக் கையால் உறையை மாட்டி, அதே கையால் அரிசியைக் கொட்டலாம். ஒருவருக்காகச் செய்தோம், இப்போது எல்லோரும் அதில்தான் வேலை செய்கிறோம். தவிட்டுத் தூசி உறையின் உள்விளிம்பில் படிந்தால் சீல் பிடிக்காது. புனல் வந்த பிறகு தூசி விளிம்பைத் தொடுவதில்லை. சீல் விட்டுத் திரும்பி வரும் பாக்கெட் ஏறக்குறைய நின்றுவிட்டது.

_அளவுப் பாத்திரம்._ நம் பாட்டிமார் மரக்காலில் தலை தட்டி அளந்ததுதான். அலுமினியப் பாத்திரம் ஒன்றை, தலை தட்டினால் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வருமாறு வெட்டிக்கொள்ளுங்கள். பார்வையில்லாதவர் உள்ளங்கையாலோ ஒரு மரச்சட்டத்தாலோ தலை தட்டி எடுத்துவிடுவார். கடைசிக் கொஞ்சத்தை மட்டும் கரண்டியால் சேர்த்தால் போதும். ஒரு ரகத்துக்கு வெட்டிய பாத்திரம் இன்னொரு ரகத்துக்கு உதவாது. குட்டை அரிசியும் நெட்டை அரிசியும் ஒரே அளவில் ஒரே எடை நிற்பதில்லை. பாத்திரத்தின் காதில் ரகத்துக்கு ஒன்றாகப் புள்ளி வெட்டி வையுங்கள்: ஒரு புள்ளி மாப்பிள்ளைச் சம்பா, இரண்டு புள்ளி கவுனி.

_ஒலிக்கும் எடைக்கருவி._ இதில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். தொழில்நுட்பம் தெரிந்த தம்பி ஒருவர் வந்து, கடைத் தராசைத் திறந்து உள்ளே ஒலிப்பானை இணைத்துக் கொடுத்துவிடுவார். விற்பனைக்கான தராசு அரசு முத்திரை இடப்பட்டது. அதைத் திறந்தால் முத்திரைக்கு மதிப்பில்லை, சோதனைக்கு வருபவர் அபராதம் போடுவார். முத்திரைத் தராசைத் தொடவே தொடாதீர்கள். தனியாக ஓர் எடை உணரியும் சிறு மின்பலகையும் வாங்கி, பாலிடெக்னிக் மாணவர்களைக் கொண்டு சோதனைப் பலகை ஒன்று செய்துகொள்ளுங்கள். குறைந்தால் ஒரு ஒலி, சரியென்றால் வேறு ஒலி, கூடினால் மூன்றாவது. கூடவே மூன்று நிற விளக்கும், மேசையில் ஓர் அதிர்வும் வையுங்கள்; அடுத்த மாதம் காது கேளாதவர் அந்த இடத்தில் உட்காரக்கூடும். கடைசி எடை முத்திரைத் தராசில்தான். சிப்பமிட்ட பொருள்களுக்கான சட்டமுறை எடையளவு விதிகளில் ஒரு கிலோ பாக்கெட்டுக்கு 15 கிராம் வரைதான் பிழை பொறுக்கப்படும். எங்கள் எல்லையை 5 கிராமில் வைத்திருக்கிறோம்.

_எண்ணும் தட்டு._ இருபது குழி உள்ள மரத்தட்டு. குழி நிறைந்தால் ஒரு பெட்டி. அறிவுத்திறன் குறைபாடு உள்ள தம்பி ஒருவர் எங்களிடம் பெட்டி அடுக்குகிறார். எண் தெரியாது, குழி காலியாக இருந்தால் விடவே மாட்டார். இருபது என்று எண்ணி அடுக்கிய எங்கள் பெட்டிகளில் பத்தொன்பது வந்தது உண்டு. அவர் பெட்டியில் வந்ததில்லை.

_சீல் இயந்திரம்._ காலால் மிதிப்பது மலிவு. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு முழங்கையால் அழுத்தும் விசை வைத்து மாற்றித் தருவார் லேத் பட்டறைக்காரர். மேசைக்கு அடியில் முழங்கால் நுழைய 70 செ.மீ. விடுங்கள். தொழுநோயிலிருந்து குணமானவர்களுக்கு விரலில் சூடு உறைக்காமல் இருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொண்டு, சூடான தகட்டின் பக்கம் அமர்த்தாதீர்கள். வலிப்பு வருபவரையும் அப்படியே. ஆபத்து எங்கே என்று இரண்டாவது படியில் எழுதிய கேள்வி இதற்காகத்தான்.

காது கேளாதவரை வாசலுக்கு முதுகு காட்டி உட்கார வைக்காதீர்கள். யார் வருகிறார்கள் என்று தெரியாத பதற்றத்தில் அவர் நாள் முழுக்கத் திரும்பித் திரும்பிப் பார்ப்பார். சுவரில் ஒரு சிறு கண்ணாடி மாட்டினால் தீரும் விஷயம். எங்களுக்கு ஐந்து வாரம் ஆயிற்று.

ஆர்டர் எடுப்பவர் பார்வையில்லாதவர். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் திரையை வாசித்துக் காட்டும் டாக்பேக்கையும், கணினியில் இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ திரைவாசிப்பானையும் பயன்படுத்துகிறார். வாடிக்கையாளர் அனுப்பும் படத்தைத் திரைவாசிப்பான் வாசிப்பது அரைகுறைதான். ஆர்டரை எழுத்தாகவோ குரலாகவோ அனுப்பச் சொல்லிவிட்டோம்.

6. கற்றுக்கொடுப்பது: கடைசி வரியிலிருந்து

சாக்குப் பிரிப்பதிலிருந்து தொடங்கினால் முடிந்த பாக்கெட்டைக் கண்ணால் காண இரண்டு வாரம் ஆகும். அடுக்குவதில் தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள். முடிந்த பொருள் எப்படி இருக்க வேண்டும் என்று முதல் நாளே கைக்குத் தெரிந்துவிடும். சீல் கோணலாக இருந்தால் அவரே திருப்பி அனுப்புவார்.

கிராமத்தில் பள்ளிக்குப் போகாத காது கேளாதவருக்குச் சைகை மொழி தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். வீட்டில் உருவான சைகைகள் மட்டும் இருக்கும். வேலைக்குத் தேவையான முப்பது சைகைகளை அவரோடு சேர்ந்து முடிவு செய்து, எல்லோரும் கற்றுக்கொள்ளுங்கள். படம் ஒட்டிய வேலை அட்டை ஒன்று ஒவ்வொரு மேசையிலும் இருக்கட்டும்.

7. கூலி

முதல் மூன்று மாதம் நாள்கூலி. பாக்கெட்டுக்கு இவ்வளவு என்ற கணக்கைப் பழகும் காலத்தில் போட்டால் அவசரம் வரும், கல் தங்கும். அதன் பிறகும் பாக்கெட் கணக்கு, அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. 'குறைபாடு இருப்பதால் பாதிக் கூலி' என்று பேசுபவரிடம் பேச்சை வளர்க்காதீர்கள். வேகம் குறைகிறது என்றால் ஐந்தாவது படிக்குத் திரும்பிப் போய்க் கருவியைப் பாருங்கள்.

பணம் அவரவர் வங்கிக் கணக்குக்குப் போகட்டும், அண்ணன் கணக்குக்கு வேண்டாம். அறிவுத்திறன் குறைபாடு உள்ள பெரியவருக்குக் கணக்குத் தொடங்க வங்கி சட்டப்பூர்வப் பாதுகாவலர் சான்று கேட்டால், 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு அதை வழங்கும். மாதக்கணக்கில் ஆகலாம், வேலைக்கு எடுக்கும் அன்றே விண்ணப்பியுங்கள்.

8. காகிதமும் கடனும்

ஆளுக்கு: மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை (யுடிஐடி). பல சலுகைகளுக்கு 40 சதவீதம் குறைபாடு என்ற வரம்பு இருப்பதால் அட்டையில் உள்ள சதவீதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கூடத்துக்கு: உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு), உணவுப் பாதுகாப்புப் பதிவு, லேபிளில் நிகர எடை, அதிகபட்ச விலை, பாக்கெட் போட்ட மாதம், முகவரி, புகார் எண்.

மாற்றுத்திறனாளி ஒருவர் உரிமையாளராக இருந்தால், பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் சொந்த முதலீடு 5 சதவீதம், கிராமப்புறத்தில் மானியம் 35 சதவீதம். மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பிக்கலாம். இது புதிய தொழிலுக்கு மட்டும். இயந்திரத்தை வாங்கி ஓட்டிவிட்டுப் போய் நின்றால் 'ஏற்கெனவே நடக்கும் தொழில்' என்று திருப்பி அனுப்புவார்கள். ஒத்திகையை அடுத்தவர் கிடங்கில் செய்யச் சொன்னது இதனால்தான். மானியம் வாங்குவதற்காகப் பெயருக்கு ஒரு மாற்றுத்திறனாளியை உரிமையாளராக்கும் யோசனையோடும் சிலர் வருகிறார்கள். அவர்களுக்கு டீ கொடுத்து அனுப்பிவிடுகிறோம்.

அரிசித் தரம், ஈரப்பதம், உறை பற்றிய சந்தேகங்களுக்குத் தஞ்சாவூரிலேயே தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. வாழைநார் என்றால் திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம்.

9. ஐப்பசி, கார்த்திகைக்குத் தனித் திட்டம்

வடகிழக்குப் பருவமழையில் வாய்க்கால் கரை சேறாகிவிடும். சக்கர நாற்காலியும் வராது, ஊன்றுகோலும் வழுக்கும். மின்சாரமும் போகும். ஐப்பசி பிறக்கும் முன்பே கூடுதலாக ஒரு மாத அரிசியைப் பொறுக்கி முடித்து வையுங்கள். மழை நாட்களில் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வரிகள் எவை என்று நோட்டில் குறியுங்கள். எங்களுக்கு அது லேபிளில் தேதி முத்திரை குத்துவது, ஆர்டர் எடுப்பது, கணக்கு. உணவுப் பொருளை வீடுகளுக்கு அனுப்புவதில்லை. ஈரமும் எறும்பும் யார் பொறுப்பு என்று சண்டை வரும். சாலை மூழ்கி வர முடியாத நாட்களுக்கு அரைக் கூலி என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

10. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரணைப் பாருங்கள்

செய்த கருவிகளுக்கு ஒரு பதிவேடு வையுங்கள்: யாருக்காக, எப்போது, என்ன செலவு, இப்போது யார் பயன்படுத்துகிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை எடுத்துக்கொண்டு கூடத்தைச் சுற்றி வாருங்கள். பரண் ஏறிய கருவி ஒன்றாவது இருக்கும். அதைக் கழற்றி வைத்தவரிடம் காரணம் கேளுங்கள். எங்கள் லேபிள் ஒட்டும் சட்டகத்தை, அதில் உட்கார்ந்த மூன்று பேரும் கழற்றிவிட்டார்கள். அது வலது கைக்காரருக்காகச் செய்தது, மூன்று பேருக்கும் இடது கைதான் ஓடும். செய்தவன் நான். ஆசாரி அதைத் திருப்பி அடித்துக் கொடுக்க நாற்பது ரூபாய் வாங்கினார்.